அம்மாவுக்கு ஒரு கட்டில்

பர்லியாறு சோதனைச் சாவடியில் பஸ்ஸுக்குள் ஏறிய ஒரு பெண் என் தண்ணீர்ப் போத்தலைக் கேட்டார். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் போத்தல் கொண்டுபோகக் கூடாதாம். "குடிச்சுட்டுக் குடுத்துருங்கக்கா, பரவால்லீங்க" என்று பக்கத்திலேயே நின்றார். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கொழும்பு விமான நிலையத்தில் வாங்கிய தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தேன். மலை வளைவுகள் தொடங்கின. ஊட்டி வரும்வரை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி வந்தேன். வெளியே பார்க்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. மூடுபனி, அதற்குள் தேயிலை. நான் விட்டுவிட்டு வந்ததும் அதேதான். கடைப் பலகைகளில் சிங்களம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவள். ஊர் பார்க்க வரவில்லை. என் அம்மாவுக்கு ஒரு முதியோர் குடியிருப்பு பார்த்து முடிவு செய்ய வந்தேன். அம்மா சேரம்பாடியில் தனியாக இருக்கிறாள். அண்மையில் ஒரு நாள் வழுக்கி விழுந்துவிட்டாள். தம்பி சிவா குவைத்தில். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மா தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். அவளுடைய அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். என் அப்பாவின் வீட்டார் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயர் அந்தப் பக்கம் விழுந்தது, என் பெயர் இந்தப் பக்கம். பால்குடித் தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த வருடம் நாங்களும் வந்துவிடுவோம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். பிறகு சண்டை வந்தது, கப்பல் நின்றது, அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவை அதற்குப் பிறகு நான் நேரில் பார்த்தது தம்பியின் கல்யாணத்தில்தான். மற்றபடி எல்லாம் போன் பேச்சு. மழையா, வெயிலா, சாப்பிட்டாயா.

"அக்கா, நீ போய் நல்ல எடமா ஒண்ணு பாத்து முடிச்சுரு. காசப் பத்திக் கவலப்படாத. வியூ நல்லா இருக்கணும், அவ்வளவுதான்" என்றான் தம்பி. பால் கொடுத்து வளர்த்த பிள்ளை அங்கே நிற்க, விட்டுவிட்டுப் போன பிள்ளை வந்து இடம் தேடுகிறாளே என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

கூடலூரில் பஸ் மாறினேன். மழை பிடித்துக்கொண்டது. தேவாலா தாண்டியதும் பஸ் நின்றது. கண்டக்டர் எழுந்து, "ஆரும் எறங்கக் கூடாது கேட்டோ. முன்னாடி ஆனை நிக்குது" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "பஸ்ஸுல ஆரு பலாப்பழம் கொண்டுவந்தது?"

யாரும் வாய் திறக்கவில்லை. வாசனை மட்டும் வாய் திறந்து சொல்லிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த அக்கா மடியிலிருந்த சாக்கை மெல்ல இறக்கிக் காலால் என் சீட்டுக்கு அடியில் தள்ளினார். என்னைப் பார்த்து, "மருமக மாசமா இருக்குது. ஆசைப்பட்டுக் கேட்டுது" என்று கிசுகிசுத்தார். யானை போகும்வரை அந்தப் பழத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் சிறுத்தை உண்டு, அட்டை உண்டு, குளவி உண்டு. தேயிலைக்குள் யானை கிடையாது. கண்ணாடி வழியாகத் தெரிந்ததெல்லாம் மழைக்குள் ஒரு கறுப்பு நகர்ந்து போனதுதான்.

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தாள்.

"வந்துட்டியா. நனஞ்சிட்டியா? தலையத் தொவட்டு" என்று ஒரு துண்டை நீட்டினாள். நான் அவளைக் கட்டிப்பிடிப்பதா காலைத் தொடுவதா என்று யோசித்து, துண்டை வாங்கிக்கொண்டேன்.

ரொட்டி சுட்டு, காய்ந்த மிளகாயில் உறைப்பாகக் கட்டச் சம்பல் அரைத்து வைத்திருந்தாள். விமானம் ஏறி, நாடு தாண்டி வந்து நான் சாப்பிட்ட முதல் வீட்டுச் சாப்பாடு எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுச் சாப்பாடு. அடுப்படியின் பின்சுவர் பாதி இல்லை. போன மாதம் யானை அரிசிக்காகத் துதிக்கையை விட்டு இடித்ததாம். நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. காற்றடிக்கும்போதெல்லாம் அது உள்ளே வீங்கி வந்து அம்மாவின் முதுகைத் தொட்டுவிட்டுப் போயிற்று.

விழுந்த கதையை அம்மா சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஷைலா வந்து சொன்னார். கூடலூர்ப் பக்கத்து மலையாளம் கலந்த தமிழ். "காலைல விறகெடுக்கப் போனவங்க, சேச்சி. நான் வேலை முடிஞ்சு வைகிட்டு வரும்போ பின்னாடி சேத்துல கெடக்குறாங்க. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைஞ்சு போயி. மழச் சத்தத்துல ஆருக்கும் கேக்கல."

"அட்ட கடிச்சதுதான் மிச்சம்" என்றாள் அம்மா, சம்பல் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி.

என்னோடு அட்டனுக்கு வந்துவிடுங்கள் என்று போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அன்றைக்கும் சொன்னேன். உண்மையில் அது எளிதில்லை. வருடாவருடம் விசாவுக்கு அலைய வேண்டும், என் வீட்டில் மாமியார் படுக்கையில் இருக்கிறார். ஆனாலும் சொன்னேன்.

"திருப்பிக் கடல் தாண்டச் சொல்றியா? ஒரு தடவ போதும்" என்றாள்.

மறுநாள் காலையில் தம்பி ஏற்பாடு செய்த கார் வந்தது. இரண்டு மூன்று நாள் பயணத்துக்கு அம்மா பெரிய பை ஒன்றைத் தூக்கி வந்தாள். டிரைவர் அதை டிக்கியில் வைக்கும்போது, "என்னங்க பாட்டி, வீட்டையே கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஷைலாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். ஷைலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாதாரணமாக வழியனுப்புவதற்கு இவ்வளவா என்று அப்போது நினைத்தேன்.

நடுவட்டம் வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி. ஒரு கடையோரம் நிறுத்தி, வாய் கொப்பளிக்க வைத்து, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். "சாயத்தண்ணி" என்றாள் கடைக்காரரிடம். பால் ஊற்றாத தேநீருக்கு எங்கள் மலையில் அதுதான் பெயர். அவர் விழித்தார். "கட்டன்" என்றாள். அவர் இன்னும் விழித்தார். "பிளாக் டீ குடுங்க தம்பி" என்றாள். உடனே வந்தது. ஒரே டம்ளருக்கு அம்மா மூன்று ஊர்ப் பெயர் வைத்திருந்தாள்.

குன்னூரில் தம்பி இணையத்தில் பார்த்துப் பிடித்துப்போன குடியிருப்பு, ஊரை விட்டுச் சற்று வெளியே, பெரிய இரும்புக் கேட்டுக்குப் பின்னால் இருந்தது. காரை வெளியே நிறுத்தச் சொன்னார்கள். நான் பணப்பையைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா முன்னால் நடந்துவிட்டாள். காவலாளி அவளிடம் கை காட்டி, "வேலைக்கு வர்றவங்க அந்தச் சின்ன கேட்டுல போகோணுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அம்மாவும் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் திரும்பி நடந்தாள். நான் ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியிருந்தது. காவலாளி நெளிந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா." அம்மா, "அதுக்கென்ன தம்பி, அந்த வழிதான் கிட்டக்க" என்றாள்.

சுற்றிக்காட்ட வந்த பெண் கோயம்புத்தூர்க்காரி, நல்ல பிள்ளை. அம்மாவின் நடைக்கு ஏற்ப மெல்ல நடந்தாள். நடைபாதையெங்கும் கைப்பிடி, நூலகம், டாக்டர் அறை, சின்னக் கோயில். பிறகு ஒரு அறையைத் திறந்து திரைச்சீலையை இழுத்தாள். சரிவு முழுக்கத் தேயிலை. பனி கொஞ்சம் விலகி, புதுக்கொழுந்து பளபளவென்று நின்றது.

"இந்த வியூக்குன்னே வர்றாங்க மேடம். சென்னையில இருந்து, பெங்களூர்ல இருந்து. பாட்டி, காலைல எந்திரிச்சதும் இதத்தான் பாப்பீங்க."

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் கண் தானாகவே நிரை நிரையாக ஓடுவதை நான் கவனித்தேன். "கவாத்து வெட்டி நாளாச்சு" என்றாள். அப்புறம் அந்தப் பெண்ணிடம், "தேயில தெரியாத காம்பரா ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

அவளுக்குப் புரியவில்லை. காம்பரா என்றால் அறை என்று நான் சொன்னேன். இருக்கிறது, ஆனால் அது கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த அறை, யாரும் விரும்பிக் கேட்க மாட்டார்கள் என்றாள். "அது போதும்" என்றாள் அம்மா.

குளியலறையில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. விழுந்தால் இழுக்க வேண்டுமாம். அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அதை இழுத்துவிட்டாள். எங்கேயோ மணி அடித்தது. சீருடை போட்ட இரண்டு பெண்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்காமல் அவர்களை மாறி மாறிப் பார்த்தாள். "வர்றாங்க" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

மதியம் அங்கேயே சாப்பாடு. முதலில் சூப் வந்தது. அம்மா கோப்பையை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துவிட்டு, சோறு எப்போது வரும் என்று கேட்டாள். எங்கள் மேசைக்கு ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தார். கம்பளிச் சட்டை, நல்ல தமிழ். பிள்ளைகள் இரண்டு பேரும் அமெரிக்காவில் என்றார். "எந்தப் பக்கம் நீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"சேரம்பாடிங்க."

"எஸ்டேட் இருக்கா?"

"கொழுந்து எடுத்தேங்க."

அந்த அம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியா. நல்லது" என்றார். இளக்காரம் எதுவும் இல்லை. அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை, அம்மாவுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. இருவரும் தட்டைப் பார்த்தார்கள். கிளம்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்ப வரப்போறீங்க? சீக்கிரம் வந்துடுங்கோ. எம் பக்கத்து அறை காலியாத்தான் இருக்கு." கையை விடவே இல்லை. பணிப்பெண் வந்து பிரித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அவர் மெல்லத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்றைக்குக் குன்னூரில் ஒரு விடுதியில் தங்கினோம். எட்டு வயதுக்குப் பிறகு அம்மாவோடு ஒரே கட்டிலில் படுத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். விடிந்து பார்த்தபோது என் மேல் இரண்டு கம்பளியும் கிடந்தன.

மூன்றாம் நாள் ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களா. மறதி நோய்க்காரர்களையும் பார்த்துக்கொள்வார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். பினாயில் வாசனை கேட் வரைக்கும் வந்தது. கண்ணாடித் தாழ்வாரத்தில் ஜெர்கின் போட்ட பெரியவர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடவில்லை. அம்மா காரை விட்டு இறங்கவே இல்லை. நான் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தேன். கார்க் கதவைத் திறந்ததும், "வேணாம்" என்றாள்.

"அப்ப குன்னூர்லயே பாக்கவாம்மா?"

கொஞ்ச தூரம் போனதும், "கோத்தகிரிப் பக்கம் ஒரு எடம் இருக்கு. அங்க சின்னப்பொண்ணு இருக்கா. பாத்துட்டுப் போவம்" என்றாள். சின்னப்பொண்ணு என்பவர் அம்மாவோடு ஒரே கப்பலில் வந்து, சேரம்பாடியில் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். தம்பி கொடுத்த இடங்களில் இது இல்லை. அதற்கென்ன, சிநேகிதியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று டிரைவரைத் திருப்பச் சொன்னேன்.

ஒரு படுகர் ஊரைத் தாண்டி, கேரட் தோட்டங்களுக்கு நடுவில் நீளமான தகரக் கூரைக் கட்டடம். தருமத்துக்கு நடத்துகிற முதியோர் இல்லம். முன்னால் தார்ப்பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பெண்கள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் தலையைத் தூக்கி, "அடியே ராமாயி!" என்று கத்தினார். அம்மாவின் நடையில் வேகம் வந்தது. நான் வந்த நாளிலிருந்து பார்க்காத வேகம். போய்ச் சேர்ந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து, ஒரு கைப்பிடி பட்டாணியை மடியில் அள்ளிப் போட்டு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். கங்காணி, பெரட்டுக்களம், பிள்ளைக் காம்பரா என்று பழைய தோட்டத்துப் பேச்சு எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் போயிற்று. சுற்றி இருந்தவர்கள் பாதிப் பேர் சிலோன்காரர்கள். அம்மா என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் கார்ப் பக்கமாக நின்றேன். அம்மா சிரித்தால் மேல்வரிசைப் பல் ஒன்று இல்லாதது தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஒரே கூடம். கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. ஜன்னல் வழியாகக் கேரட் தோட்டமும் ஒரு தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. சுவரோரக் கட்டில் ஒன்றில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

வார்டன் ராஜம்மா வந்தார். படுகர், வெள்ளை முண்டு, அறுபது வயதிருக்கும். எங்களை பெஞ்சில் உட்காரச் சொல்லி, தேநீர் கொடுத்து, நேராகவே பேசினார்.

"சின்னப்பொண்ணம்மா உங்களப் பத்திச் சொன்னாங்க. கட்டில் ஒண்ணு காலியாத்தான் இருக்குதுங்க. ஆனா இங்க ஒரே ஒரு சட்டம். புள்ளைங்க இருக்கறவங்கள எடுக்கறதில்லீங்க. ஆருமில்லாதவங்களுக்கே எடம் பத்தல. உங்களுக்குப் புள்ளைங்க?"

அம்மா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு யாருமில்லீங்க" என்றாள்.

வெளியே பட்டாணி உரிக்கும் சத்தம் கேட்டது. ராஜம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்பார் இல்லையா என்று நான் எத்தனையோ வருடம் காத்திருந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சித்திதான் கையெழுத்துப் போட வந்தாள். கல்யாணத்தில் அம்மா நிற்கவேண்டிய இடத்தில் அத்தை நின்றாள். நான் இவருடைய மகள் என்று ஒரு அந்நியரிடம் சொல்லும் வாய்ப்பு எனக்கு வந்ததேயில்லை. அன்றைக்கு வந்தது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"தெரிஞ்சவங்க" என்றேன். "ஊர்ப் பக்கம். துணைக்கு வந்தேன்."

"அப்ப நாளைக்கே வந்துருங்க" என்றார் ராஜம்மா.

கோத்தகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். வருக்கி பிஸ்கட் வாங்கி வைத்தேன். அம்மா அதைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள். நான் தொடவில்லை.

"நா கடல் தாண்டி வந்து நிக்கிறன். யாருமில்லன்னு சொல்றீங்க."

"கோவிச்சுக்காத."

"பின்ன சந்தோசப்படவா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பாரு தவமணி. ஒன்னப் பெத்தேன், வளக்கல. அவன வளத்தேன், இப்ப கூட இல்ல. இதுல ஒன் தப்பும் இல்ல, அவன் தப்பும் இல்ல. நா சேத்துல கெடந்தேன்ல, அன்னைக்கு யாரக் கூப்பிட்டேன்னு நெனக்கிற? ஒன்னையுமில்ல, அவனையுமில்ல. ஷைலாவத்தான் கூப்பிட்டேன். அவ பேருதான் வாயில வந்துச்சு."

"குன்னூர்ல கயிறு இழுத்தா ஓடி வந்தாங்களே."

"வந்தாங்க. வந்து? அவுங்ககிட்ட நா என்னத்தப் பேசுவேன்? ஒன் தம்பி வெயில்ல காஞ்சு அனுப்புற காசுல, தேயிலயப் பாத்துக்கிட்டு, பேச ஆளில்லாம உக்காந்திருக்கணுமா? அதுக்கு யான இருக்கிற ஊரே மேலு."

"அது வேற யாருக்கோ போகவேண்டிய கட்டிலம்மா. நிஜமாவே யாருமில்லாத ஒருத்தருக்கு."

"தெரியும். அதான் தொண்டைக்குள்ள நிக்கிது" என்றாள். பாதி வருக்கியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் கத்தினான். பிறகு அழுதான். "நான் இருக்கறப்ப என் அம்மா அநாத ஆசிரமத்துல இருக்கணுமாக்கா?" அம்மா போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். "வேளைக்குச் சாப்புடு. அவளோட சண்ட போடாத" என்று சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள். அவள் என்றால் அவன் மனைவியா நானா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை மழை. காரிலிருந்து அம்மாவின் பை இறங்கியது. கட்டிலுக்கடியில் வைப்பதற்காகத் திறந்தபோதுதான் பார்த்தேன். அவளிடமிருந்த எல்லாச் சேலைகளும், சாமி படமும், ரொட்டிக் கல்லும் அதில் இருந்தன. சேரம்பாடி வீட்டைப் பூட்டியபோதே முடிவெடுத்திருக்கிறாள். நான் வந்தது இடம் தேட அல்ல, கொண்டுவந்து விட.

அப்படியும் என்னால் தாங்க முடியவில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக் கொடுக்கிறவள் நான். உண்மையைச் சொல்லிவிடலாம், நடப்பது நடக்கட்டும் என்று ராஜம்மாவின் அறைக்குப் போனேன். அவர் ஈரக் கம்பளிகளை ஹீட்டர் முன்னால் விரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விசயம் சொல்லணும்" என்றேன்.

"சொல்லாதீங்க" என்றார்.

நான் நின்றேன்.

"நீங்க சொன்னீங்கன்னா நான் கேட்டதாயிருமுங்க. கேட்டா அந்தம்மாவத் திருப்பி அனுப்போணும். சட்டம் போட்டதே நாந்தான்." கம்பளியின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். இருவருமாக உதறி விரித்தோம். "நேத்து ரெண்டு பேரும் பெஞ்சில உக்காந்திருந்தீங்கல்லங்க. நெத்தி, மூக்கு, எல்லாம் ஒரே மாதிரி. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

"வேற ஆளுக்குப் போகவேண்டிய இடம்…"

"வேற ஆளு வந்தா கீழ பாய் போட்டுப் படுக்க வெச்சுக்குவேன். இதுவரைக்கும் ஆரையும் மழைல நிறுத்துனதில்ல. உங்களால ஆனத அப்பப்ப அனுப்புங்க, போதும். அப்புறம், ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா ஆருக்குச் சொல்றதுங்க?"

என் நம்பரைச் சொன்னேன். நாட்டுக் குறியீட்டு எண்ணைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து கம்பளியைத் தடவினார். "அவ்வளவு தொலைவுங்களா" என்றார். "அப்ப முடியாமப் போறப்பவே உங்களுக்குச் சொல்லிரோணும். ஆனதுக்கப்புறம் சொல்லிப் புண்ணியமில்ல."

அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அவர் கம்பளி விரித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது மழை விட்டு, பெண்கள் தாழ்வாரத்தில் கூடியிருந்தார்கள். அன்றைக்கும் பட்டாணி. அம்மா சின்னப்பொண்ணுக்கும் இன்னொரு கிழவிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த பச்சை ஸ்வெட்டர் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எப்படி விடைபெறுவது என்று தெரியாமல் நின்றேன். தெரிந்தவள், ஊர்க்காரி, துணைக்கு வந்தவள் என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? அப்போது ராஜம்மா உள்ளேயிருந்து வந்து, ஒரு கிழவியிடம், "அம்மா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். இன்னொருத்தியிடம், "அம்மா, காலை நீட்டுங்க" என்றார். காய் கொண்டுவந்த வண்டிக்காரர் எல்லோரையும் சேர்த்து, "அம்மா, கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றார். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அம்மாதான்.

"அம்மா" என்று கூப்பிட்டேன். சத்தமாகவே கூப்பிட்டேன். யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. இரண்டு மூன்று கிழவிகள் தங்களைத்தானோ என்று நிமிர்ந்தார்கள்.

அம்மா பட்டாணியை மடியிலிருந்து ஒதுக்கிவிட்டு, கையை ஸ்வெட்டரில் துடைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றாள்.

"போயிட்டு வாரேன்."

"நல்லதுங்க. பாத்துப் போங்க. நீங்க இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு."